வீடியோ எடிட்டிங்: எளிய செயலி போதுமா, பெரிய மென்பொருளுக்குப் போகலாமா?

"எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. "கடைசியாக முடித்த வீடியோவில் எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேரிடம் அதற்குப் பதில் இருக்காது. அவர்கள் இன்னும் ஒரு வீடியோவைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். ஏழெட்டு ஒப்பீடுகளைப் பார்த்திருப்பார்கள், மூன்று மென்பொருளை இறக்கி வைத்திருப்பார்கள், எடுத்த காட்சிகள் மட்டும் கைபேசியில் அப்படியே கிடக்கும்.

பதில் இருப்பவர்களிடம் பேசினால் விஷயம் சீக்கிரம் தெளிவாகிவிடும். 'எழுத்தை அழகாகக் கொண்டுவர முடியவில்லை', 'பாட்டுச் சத்தம் பேச்சை அமுக்குகிறது' என்பவர்களுக்குக் கையில் இருக்கிற செயலியே போதும். அதையே இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டால் தீர்ந்துவிடும். 'மூன்று மணி நேரப் பதிவில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் தேடியே பாதி நாள் போயிற்று', 'முடித்துக் கொடுத்ததை இரண்டு மாதம் கழித்துத் திருத்தச் சொன்னார்கள், என்னால் முடியவில்லை' என்பவர்கள் மாற வேண்டியவர்கள். இந்த இரண்டு தரப்புக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டியதில்லை. வேலை எவ்வளவு பெரியது, முடித்த பிறகு அது எத்தனை முறை திரும்பி வரும், இந்த இரண்டை வைத்துத்தான் நான் மென்பொருளைத் தீர்மானிக்கச் சொல்வேன்.

சரி, யார் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிடலாம். கைபேசியில் கேப்கட், இன்ஷாட், கைன்மாஸ்டர், விஎன். கணினியில் ஐமூவி, கிளிப்சாம்ப், ஃபில்மோரா. இவை எளிய பக்கம். எதிர்ப்பக்கத்தில் அடோபி பிரீமியர் புரோ, ஃபைனல் கட் புரோ, டாவின்சி ரிசால்வ், அவிட் மீடியா கம்போசர். ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச, திறந்தமூல மென்பொருள்கள் நடுவில் நிற்கின்றன.

இந்தக் கோடு கல்லில் கீறியது இல்லை. 2011 ஜூனில் ஆப்பிள் தன் ஃபைனல் கட் புரோவை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டது. ஒரு கிளிப்பை எடுத்தால் அந்த இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும் டைம்லைன் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பகுதி) அப்போதுதான் வந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு அது வரம். ஆனால் பழைய பதிப்பில் செய்த ப்ராஜெக்ட்டை அது திறக்கவில்லை, பல கேமராப் பதிவுகளைச் சேர்த்து வெட்டும் வசதியும் முதலில் இல்லை. தொழில் செய்பவர்கள் கொதித்துப் போய் 'ஐமூவி புரோ' என்று கேலி பேசினார்கள். அந்த வசதி 2012 ஜனவரியில் வந்து சேர்ந்தது. கோபப்பட்டவர்களில் பலர் அதற்குள் பிரீமியருக்குக் குடிபோய்விட்டார்கள். எளிதாக இருப்பது குறை என்று அவர்கள் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாதியில் நிற்கும் வேலைகளை என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய பதற்றம்.

கேட்காமல் செய்வதும், கேட்டுக்கேட்டுச் செய்வதும்

எளிய செயலியில் முதல் கிளிப்பைப் போட்டால் அது உங்களிடம் எதையும் கேட்காது. அளவு, ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம் என்பது), ஒலியின் தரம் எல்லாவற்றையும் தானே முடிவு செய்துகொண்டு ஓட ஆரம்பித்துவிடும். பிரீமியரில் அதே கிளிப்பை, வேறு அமைப்பில் இருக்கும் சீக்வென்ஸில் (டைம்லைனுக்குப் பிரீமியர் வைத்திருக்கும் பெயர்) போட்டால் ஒரு பெட்டி எழும்பும்: இந்தக் கிளிப் பொருந்தவில்லை, சீக்வென்ஸை மாற்றவா, இருப்பதையே வைத்துக்கொள்ளவா? புதியவர்கள் கைக்கு வந்த பொத்தானை அமுக்குவார்கள். ரிசால்விலும் இப்படித்தான். கிளிப்கள் ஏறிய பிறகு அந்த டைம்லைனின் ஃபிரேம் ரேட்டை மாற்ற முடியாது. சரியான ரேட்டில் புதிதாக ஒரு டைம்லைன் போட வேண்டும். முதல் நாள் தெரியாமல் விட்டது பத்தாம் நாள் கழுத்தைப் பிடிக்கும்.

கைபேசியில் எடுத்த காட்சிகளுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைபேசி பெரும்பாலும் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால், கருவி திணறினால், ஃபிரேம்களுக்கு இடையிலுள்ள நேரம் கூடும், குறையும். எளிய செயலிகள் இந்தக் காட்சிகளோடே பிறந்து வளர்ந்தவை, அதனால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பெரிய மென்பொருள்கள் சீரான ரேட்டில் ஓடும் டேப்பையும் ஃபிலிமையும் மனதில் வைத்து உருவானவை. மீடியா கம்போசர் 1989-இலும் பிரீமியர் 1991-இலும் வந்துவிட்டன. ஆனால் மாறும் ஃபிரேம் ரேட்டுக்கான ஆதரவு பிரீமியருக்கு 2018-இல்தான் கிடைத்தது. இன்றும் சில காட்சிகளில் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்கு எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான வைத்தியம்.

இதெல்லாம் நுணுக்கம் பார்ப்பவர்களின் பிரச்சினை என்று தோன்றலாம். ஒரு கணக்கு பாருங்கள்: 29.97 ஃபிரேமில் எடுத்ததை 30 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் படமும் ஒலியும் 3.6 விநாடி விலகியிருக்கும். பத்து நிமிடத்தில் அரை விநாடிக்கு மேல். பேசுகிறவரின் முகத்தைப் பார்க்கும் யாருக்கும் அது உறுத்தும். இந்த விலகலை எளிய செயலி தானே சமாளிக்கும், முடியாமல் போனால் நீங்கள் செய்ய அங்கே அதிகம் ஒன்றுமில்லை. பெரிய மென்பொருளில் இந்தக் கோளாறு உங்களாலேயே உண்டாகும், சரிசெய்யவும் உங்களாலேயே முடியும்.

ஒரு பேட்டி, ஒரு வெட்டு

இரண்டு பேர் பேசும் ஆறு நிமிடப் பேட்டியை எடுத்துக்கொள்வோம். கேள்வி கேட்பவர் "அப்போது உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று முடிக்கிறார். அவருடைய வாய் மூடிய பிறகு வெட்டி, பதில் சொல்பவரின் முகத்துக்குப் போனால் காட்சி விறைப்பாக இருக்கும். 'பயமாக' என்ற சொல்லிலேயே படம் மட்டும் மாறி, கேள்வியின் மீதி ஒலியாக ஓட, எதிரில் இருப்பவர் கண்ணைத் தாழ்த்துவதைக் காட்டினால் பேட்டிக்கு உயிர் வரும். எடிட்டர்கள் இதை எல் கட் என்பார்கள். படத்துக்கு முன்னால் ஒலி வந்துவிட்டால் அது ஜே கட்.

இதை ஐமூவியிலும் செய்யலாம், கேப்கட்டிலும் செய்யலாம். ஒலியைப் பிரித்தெடுத்து நீட்டினால் போதும். ஆனால் ஆறு நிமிடத்தில் இப்படி இருபது இடம் வரும். பிரித்த ஒலித் துண்டுகள் இருபது சேர்ந்த பிறகு, இரண்டாம் நிமிடத்தில் ஒரு வாக்கியத்தை வெட்டி எறிந்தால் பின்னால் எது எதோடு நகர்ந்தது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும். பெரிய மென்பொருளில் படமும் ஒலியும் கட்டியேதான் இருக்கும், விலகினால் எத்தனை ஃபிரேம் விலகியது என்று கிளிப்பின் மேலேயே எண் காட்டும். எந்த டிராக் (படமோ ஒலியோ ஓடும் வரிசை) நகரலாம், எது நகரக்கூடாது என்று பூட்டியும் வைக்கலாம். ஒரு வெட்டுக்கு இரண்டும் சமம்தான். இருபதாவது வெட்டைத் திருத்தப் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எஃபெக்ட்டை நம்பிப் போகாதீர்கள்

பெரிய மென்பொருளுக்கு மாறுபவர்கள் பெரும்பாலும் கலர் கிரேடிங்குக்கும் எஃபெக்ட்டுக்கும் ஆசைப்பட்டே வருகிறார்கள். உண்மையில் டெம்ப்ளேட், ஸ்டிக்கர், அசையும் எழுத்து, தானாக வரும் சப்டைட்டில் போன்றவற்றில் கைபேசிச் செயலிகள் வேகமானவை. ஒரு நிமிட ரீல்ஸை கேப்கட்டில் இருபது நிமிடத்தில் முடிப்பவர் அதையே பிரீமியரில் முதல் முறை செய்தால் இரண்டு மணி நேரம் ஆகும், பார்ப்பவர்களுக்கு வித்தியாசமும் தெரியாது.

பெரிய மென்பொருள் காசுக்கும் உழைப்புக்கும் வட்டியோடு திருப்பித் தருவது பார்த்துப் பொறுக்கும் இடத்தில். மூன்று மணி நேரக் காட்சியிலிருந்து எட்டு நிமிடம் எடுக்க வேண்டுமென்றால், வெட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் முழுவதையும் பார்க்க வேண்டும், நல்லதைக் குறிக்க வேண்டும், தலைப்பு வாரியாகப் பிரித்து வைக்க வேண்டும். இங்கேதான் ஜே, கே, எல் என்ற மூன்று விசைகள் வருகின்றன: பின்னால் ஓடு, நில், முன்னால் ஓடு. எல் விசையை இரண்டாம் முறை தட்டினால் வேகம் கூடும். ஐ தொடக்கம், ஓ முடிவு. பிரீமியர், ரிசால்வ், ஃபைனல் கட், அவிட் நான்கிலும் இதே விசைகள்தான் என்பதால் ஒருமுறை கை பழகிவிட்டால் வீடு மாறினாலும் சாமான் கூடவே வரும். கைபேசியில் இதே வேலையை விரலால் இழுத்து இழுத்துச் செய்து பாருங்கள், முதல் மணி நேரத்திலேயே எல்லாக் காட்சியும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும். நல்ல வாக்கியம் கண்ணில் படாமல் போவது அப்போதுதான்.

ஒலிக்கும் ஒரு சொல். எளிய செயலியில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கோடு இருக்கும், காதுதான் அளவுகோல். யூடியூப் அதிகச் சத்தத்தோடு வரும் வீடியோவைச் சுமார் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குக் குறைத்து ஒலிக்கவிடும். ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் பின்பற்றும் அளவு -23. இப்படி ஒரு எண்ணைச் சொல்லி வேலை கேட்பவர்கள் உங்களுக்கு உண்டென்றால் அளவுமானி உள்ள மென்பொருள் வேண்டும். யாரும் அப்படிக் கேட்கவில்லையென்றால் காது போதும்.

திரும்பி வரும் வேலை

தெரிந்தவர் ஒருவரின் நாற்பது நிமிடப் பேச்சைக் கைபேசிச் செயலி ஒன்றில் வெட்டிக் கொடுத்தேன். நன்றாகத்தான் வந்தது. மூன்று மாதம் கழித்து, திரையில் வரும் ஒரு பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். இரண்டு நிமிட வேலை என்று நினைத்துச் செயலியைத் திறந்தேன். இடையில் இடம் போதவில்லை என்று கேலரியைக் காலி செய்திருந்தேன். டைம்லைன் முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டிகள். எது எந்தக் கிளிப் என்று பெயர்கூட இல்லை. கடைசியில், ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்த வீடியோவின் மேலேயே சரியான பெயரோடு ஒரு பட்டையை ஒட்டிக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தால் புதிய பட்டையின் வலது ஓரத்தில் பழைய பட்டை நூலளவுக்கு எட்டிப் பார்க்கும். நான் அந்த வீடியோவை எப்போது பார்த்தாலும் அங்கேதான் கண் போகும்.

தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் இதே தவறைப் பெரிய மென்பொருளில் செய்தால் திரை சிவந்து, எந்தப் பெயருள்ள கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அது இருந்தால் காட்டிவிடலாம். வெட்டியது வெட்டியபடியே உயிர் பெற்று எழும். ஒலியை மட்டும் வேறொருவர் சரிசெய்ய வேண்டுமென்றால் டிராக் டிராக்காகப் பிரித்து ஏஏஎஃப் கோப்பாகக் கொடுக்கலாம். ஒரே ஒருவர் தொடங்கி அவரே முடிக்கும் வேலைக்கு இதெல்லாம் தேவையே படாது. இன்னொரு கை படப்போகிற வேலை என்றால் இதுவே போதுமான காரணம்.

மென்பொருளின் ஆயுளைப் பற்றியும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் மூவி மேக்கரில் கற்றவர்கள் ஏராளம். மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியில் நிறுத்தியது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டாக் தடை அமலுக்கு வந்தபோது, அதே பைட்டான்ஸ் நிறுவனத்தின் கேப்கட்டும் கூடவே முடங்கி, பிறகு திரும்பியது. இது எளியவற்றுக்கு மட்டுமான விதியும் இல்லை, பழைய ஃபைனல் கட்டின் கதையை மேலே பார்த்தோம். எதில் செய்தாலும் மூலக் காட்சிகளையும், எழுத்து எதுவும் ஒட்டாத ஒரு நல்ல தரப் பிரதியையும் தனியே எடுத்து வையுங்கள்.

கணினி தாங்குமா

கைபேசியில் வெண்ணெயாக ஓடிய 4கே காட்சி, மடிக்கணினியில் திக்கித் திணறுவதைப் பார்த்துப் பலர் மென்பொருளைத் திட்டுவார்கள். எச்.264, ஹெச்இவிசி போன்ற, வீடியோவைச் சுருக்கும் முறைகள் முழுப்படத்தை எப்போதாவதுதான் சேமிக்கின்றன. இடையில் எது மாறியது என்பதை மட்டும் குறித்து வைக்கும். கணக்கு நோட்டில் இருப்பை எழுதாமல் வரவு செலவை மட்டும் எழுதியது போல. இந்தப் பக்கத்தின் இருப்பு தெரிய வேண்டுமென்றால் முன்பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். நீங்கள் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும் ஒவ்வொரு முறையும் கணினி இந்தக் கூட்டலைச் செய்கிறது. இப்போதைய கைபேசிகளில் இதற்கென்றே தனி மின்சுற்று இருக்கிறது, பழைய கணினி பலவற்றில் அது இல்லை.

தொழில்முறை மென்பொருளில் இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ப்ராக்ஸி: எடை குறைந்த நகல்களை வைத்து வெட்டிவிட்டு, எக்ஸ்போர்ட்டின்போது மூலத்துக்கு மாறிக்கொள்வது. இன்னொன்று ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே வைத்திருக்கும் ப்ரோரெஸ் போன்ற வடிவத்துக்கு மாற்றுவது. ஐபோனின் அமைப்பில் எழுதியிருப்பதன்படி 1080பி, 30 ஃபிரேம் காட்சி நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. அதே ஒரு மணி நேரம் ப்ரோரெஸ் 422-இல் ஏறக்குறைய 66 ஜிபி. ஆக, ஹார்ட் டிஸ்க்கையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு ப்ராக்ஸியே போதுமானதாக இருந்திருக்கிறது.

தமிழில் எழுத்துப் போடுபவர்களுக்குத் தனியாக ஒரு சோதனை. எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் 'கொண்டுபோனோம்' என்று தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, கால் பிரிந்து ஓடுகிறதா? கைபேசியில் இது பெரும்பாலும் சரியாகவே வரும். பிரீமியரில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வைப் போட்டால்தான் ஒழுங்காக உட்காரும். இதை அறியாமல் மென்பொருளையே தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

எதற்குப் போவது

பணத்தைப் பொறுத்தவரை ஒரு விஷயம்தான் முக்கியம்: அடோபி 2013-இல் சந்தா முறைக்கு மாறியது, கட்டுவதை நிறுத்தினால் உங்கள் பழைய ப்ராஜெக்ட்டை நீங்களே திறக்க முடியாது. மேக்கில் ஃபைனல் கட்டையும், ரிசால்வின் ஸ்டூடியோ பதிப்பையும் ஒரே முறை காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எளிய செயலிகளிலும் இப்போது சந்தா பெருகிவிட்டது. நேற்று இலவசமாக இருந்த பொத்தானில் இன்று பூட்டுப் படம் தெரியும்.

ரிசால்வின் இலவசப் பதிப்புதான் இந்தக் கேள்வியின் கணக்கையே மாற்றியது. படத்தின் கலரைத் திருத்த மட்டும் இருந்த கருவி அது. 2009-இல் பிளாக்மேஜிக் டிசைன் அதைச் செய்த நிறுவனத்தை வாங்கிய பிறகு எடிட்டிங், ஒலி, எஃபெக்ட் எல்லாம் உள்ளே வந்தன. இலவசப் பதிப்பில் 4கே அளவில், 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம், மேலே முத்திரை விழாது. இருட்டுக் காட்சியின் பொரிபொரிப்பைக் குறைக்கும் கருவி போன்ற சில மட்டும் காசுப் பதிப்பில். கிராபிக்ஸ் கார்டு பலவீனமான கணினியில் அது முரண்டு பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்வது இப்படி. ஒரு நிமிடம் இரண்டு நிமிட வீடியோ, அன்றே போட்டு அன்றே மறப்பது என்றால் கைபேசியை விட்டு நகராதீர்கள், யார் என்ன கேலி செய்தாலும். மாதம் ஓரிரண்டு பத்து நிமிட வீடியோ, ஒரே கேமரா என்றால் கணினியில் இருக்கும் எளியதே ஆகும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி நல்ல படிக்கட்டு. படத்துக்கு ஒரு வரிசை, அதன்மேல் இன்னொன்று, அவ்வளவுதான் தரும் என்றாலும், அதில் செய்த வேலையை அப்படியே ஃபைனல் கட்டுக்கு அனுப்பிவிடலாம். பேட்டி, ஆவணப்படம், பாடத் தொடர், இரண்டு கேமரா, பிறருக்குச் செய்து கொடுப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவுடன் ரிசால்வை இறக்குங்கள். உடன் வேலை செய்பவர்கள் பிரீமியரில் இருந்தால் மட்டும் பிரீமியர். அவிட் கற்பது, அது ஓடும் இடத்தில் வேலைக்குச் சேர்பவர்களுக்கு.

மாறுவதென்றால் கையில் ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் நடுவே மாறாதீர்கள். ஏற்கெனவே முடித்த ஒரு மூன்று நிமிட வீடியோவின் அதே கிளிப்களைப் புதிய மென்பொருளில் போட்டு மறுபடி கட்டிப் பாருங்கள். என்ன வர வேண்டும் என்று முன்பே தெரிவதால் கருவியை மட்டும் கற்றால் போதும். ரிசால்வ் என்றால் அதன் கலர், ஃபியூஷன் (எஃபெக்ட்) பக்கங்களை முதல் வாரம் திறக்கவே வேண்டாம். நான் அப்படிச் செய்தபோது அரை மணி நேர வேலைக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. அதில் பாதி நேரம், இரண்டாம் டிராக்கில் ஒலி ஏன் கேட்கவில்லை என்று மென்பொருளை மூடித் திறந்து, கணினியையும் அணைத்துப் போட்டு, ஹெட்போனை மாற்றிப் பார்த்தேன். டிராக்கின் ஓரத்திலிருந்த, ஒலியை அடக்கும் 'எம்' (மியூட்) என்ற சின்னப் பொத்தானை நானே தெரியாமல் அமுக்கி வைத்திருந்தேன்.